சுரைக்குடுக்கையும் மூன்று பந்துகளும்

கன்னம் இரண்டும் புடைக்க, முகம் செக்கச்செவேலென்று சிவக்க, ஒரு பையன் சுரைக்குடுக்கையை வாயில் வைத்து ஊதுகிறான். பக்கத்தில் மூன்று சிறுமிகள் நின்று உற்சாகப்படுத்துகிறார்கள். குடுக்கை அசைந்து கொடுப்பதாக இல்லை. காய்ந்து கெட்டிப்பட்ட அந்த ஓட்டை வெறும் மூச்சாலேயே வெடிக்க வைக்க வேண்டும். முதலில் சின்னக் குடுக்கை. அது உடைந்தால் அடுத்தது கொஞ்சம் பெரிது. கடைசியில் அந்தச் சிறுமிகளின் உயரத்துக்கே ஒன்று காத்திருக்கிறது.

‘டீமன் ஸ்லேயர்’ பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி மறக்காது. கோயோஹாரு கோடோகே 2016 முதல் 2020 வரை எழுதி வரைந்த ஜப்பானிய மங்கா அது. 2019இல் அனிமேயாக வந்தது. இந்தியத் திரையரங்குகளில் தமிழ் பேசியே ஓடும் அளவுக்கு அதன் புகழ் இங்கேயும் வந்து சேர்ந்துவிட்டது. கதை நடப்பது 1912இல் தொடங்கிய தைஷோ காலத்து ஜப்பானில். குடுக்கை ஊதும் அந்தப் பையன்தான் டான்ஜிரோ, மலையில் கரி சுட்டு விற்கும் வீட்டுப் பிள்ளை. குடும்பத்தை அசுரன் அழித்துவிட, உயிர் தப்பிய ஒரே தங்கை அசுரப் பெண்ணாக மாறிவிட, அவளை மீட்பதற்காக வாள் பிடிக்கிறான். அவனுடைய உண்மையான ஆயுதம் வாள் கூட இல்லை, மூச்சு. ‘முழுக்கவன மூச்சு’ என்று அதைச் சொல்லலாம். நுரையீரலைப் பெரிதாக்கி, நிறையக் காற்றை உள்ளே இழுத்தால் இரத்தம் சூடேறி, தசையும் எலும்பும் அசுரபலம் பெறும் என்பது கதையின் கணக்கு.

அந்தக் கணக்கில் எவ்வளவு உண்மை என்று எனக்குள் கேள்வி எழுந்தது ஓர் ஆஸ்பத்திரி வார்டில்.

அம்மாவுக்கு வயிற்றில் ஓர் அறுவை சிகிச்சை. மறுநாள் காலை பிசியோதெரபிஸ்ட் பெண் ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தார். மூன்று குழாய், மூன்று பந்து. கொரோனா காலத்துக்குப் பிறகு பல வீடுகளில் இதைப் பார்க்கலாம். அம்மா அதை வாங்கி, பலூன் ஊதுவதுபோல ஊதினார். பந்து அசையவில்லை. “ஊதக் கூடாதும்மா, உறிஞ்சணும். இளநி குடிக்கிற மாதிரி, மெதுவா, நீளமா” என்றார் அந்தப் பெண். அம்மா உறிஞ்சினார். முதல் பந்து பாதி உயரம் எழும்பி விழுந்தது. வலியில் முகம் சுருங்கிப்போனது. குழாய்களின் மேல் 600, 900, 1200 என்று எழுதியிருந்தது. ஒரு நொடிக்கு அத்தனை மில்லிலிட்டர் வேகத்தில் காற்றை இழுத்தால் அந்தந்தப் பந்து மேலே நிற்கும். சின்னக் குடுக்கை, நடுக் குடுக்கை, பெரிய குடுக்கை என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

வயிற்றில் தையல் போடப்பட்டவர்கள் வலிக்குப் பயந்து மேலாக மூச்சு விடுவார்கள். நுரையீரலின் அடிப்பகுதிக்குக் காற்று போகாது. அங்குள்ள நுண்ணிய காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும், சளி தேங்கும், காய்ச்சல் வரும். நம் இரு நுரையீரல்களிலும் சேர்த்து ஏறத்தாழ 48 கோடி காற்றறைகள் உண்டு. அவற்றைப் பிரித்து விரித்தால் ஒரு பாட்மின்டன் ஆடுகளத்தைக் கிட்டத்தட்ட மூடிவிடலாம். ஒட்டிக்கொண்ட அறைகளைத் திறக்க ஊதினால் போதாது, ஆழமாக இழுக்க வேண்டும். அதற்குத்தான் அந்த மூன்று பந்து.

குடுக்கையை உண்மையில் ஊதி உடைக்க முடியாது. திடமான ஓர் இளைஞர் மூச்சை நிரப்பிக்கொண்டு முழுப் பலத்தோடு ஊதினால் எழும் அழுத்தம், ஒன்று முதல் இரண்டு மீட்டர் உயரத் தண்ணீர்த் தம்பத்தைத் தாங்கும் அளவு. கார் டயருக்குள் இருப்பது இருபது மீட்டர் தண்ணீருக்குச் சமம். மனித மார்பு ஒரு நல்ல துருத்தி, அவ்வளவுதான்.

ஆனால் என்னை வியக்க வைத்தது வேறொன்று. கதை நுரையீரலைத்தான் நாயகனாக்குகிறது. உடலிலோ, உடற்பயிற்சியால் மிகக் குறைவாக மாறுகிற உறுப்புகளில் ஒன்று அது. மாற வேண்டிய தேவையே அதற்குப் பெரும்பாலும் வருவதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு சிவப்பணு நுரையீரலின் மயிரிழைக் குழாயைக் கடக்க முக்கால் நொடி ஆகிறது. ஆக்சிஜனை நிரப்பிக்கொள்ளக் கால் நொடி போதும். மீதி அரை நொடி அது சும்மா பயணம் செய்கிறது. நாம் ஓடும்போது இரத்தம் வேகமெடுத்து அந்த நேரம் குறைகிறது. அப்போதும் பெரும்பாலானவர்களுக்கு நிரப்பிக்கொள்ள அவகாசம் இருக்கிறது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 97, 98 என்று காட்டுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஏற்கெனவே நிரம்பிய குடத்தில் இன்னும் எவ்வளவு ஊற்றுவது? ஆழமாக மூச்சிழுத்தாலும் அந்த எண் 110 ஆகப்போவதில்லை.

அப்படியானால் மாடிப்படி ஏறினால் நமக்கு ஏன் இரைக்கிறது, மாரத்தான் ஓடுபவருக்கு ஏன் இரைப்பதில்லை? வித்தியாசம் நுரையீரலைத் தாண்டிய வழியில் இருக்கிறது. முதலில் இதயம். ஓய்வில் அது நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் இரத்தத்தை இறைக்கிறது. பயிற்சி இல்லாதவர் உயிரைக் கொடுத்து ஓடினால் இருபது லிட்டர் வரை போகும். உச்சத்தில் இருக்கும் நெடுந்தூர வீரருக்கு முப்பத்தைந்தைத் தாண்டும். அந்த உச்ச ஓட்டத்தில் இருவரின் இதயங்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் துடிக்கின்றன, வீரரின் இதய அறை ஒவ்வொரு துடிப்புக்கும் அதிகம் கொள்கிறது. அடுத்தது தசை. செயின்ட் லூயிஸில் ஜான் ஹொலோஸி எலிகளை டிரெட்மில்லில் வாரக்கணக்காக ஓடவிட்டு 1967இல் ஒரு முடிவை வெளியிட்டார். அவற்றின் கால் தசைகளில் ஆக்சிஜனை எரித்து ஆற்றல் எடுக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் திறன் ஏறத்தாழ இரட்டித்திருந்தது. வருகிற ஆக்சிஜனைப் பயன்படுத்த அடுப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறது தசை.

டான்ஜிரோ குடுக்கை ஊதும் இடம் ஒரு சிகிச்சை மாளிகை என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். சிலந்தி மலைப் போரில் நொறுங்கிப்போய், படுக்கையில் கிடந்து, உடல் துருப்பிடித்த பிறகு அவன் அங்கே பயிற்சி எடுக்கிறான். கோடோகே அந்த இடத்தைத் தேர்ந்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். படுக்கை ஒரு மனிதனுக்கு என்ன செய்யும் என்று காட்டிய ஆய்வு அமெரிக்காவின் டாலஸ் நகரில் 1966இல் நடந்தது. இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையைவிட்டு இறங்கவே விடவில்லை. மூன்று வாரத்தில் அவர்களுடைய உடல் ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய உச்ச ஆக்சிஜன் அளவு கால் பங்குக்கு மேல் சரிந்துவிட்டது. பெருமளவும் இதயம் இறைக்கும் அளவு குறைந்ததால் வந்த சரிவு அது. பிறகு எட்டு வாரம் ஓட வைத்தார்கள். இழந்ததும் வந்தது, அதற்கு மேலும் வந்தது.

கதை அதோடு முடியவில்லை. 30 ஆண்டு கழித்து, 1996இல், அதே ஐந்து பேரையும் தேடிப் பிடித்தார்கள். ஐம்பது வயது, தொப்பை, நரை. அளந்து பார்த்தால், முப்பது ஆண்டு முதுமை செய்த சேதத்தைவிட இருபது வயதில் அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகம். பிறகு ஆறு மாதம், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நடக்கவும் மெல்ல ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் வைத்தார்கள். ஐவரும் சராசரியாகத் தங்கள் இருபது வயது அளவைத் தொட்டார்கள். எந்த மாயக் கதையிலும் இதைவிடப் பெரிய மாயத்தை நான் படித்ததில்லை.

கதை இன்னோர் இடத்திலும் உண்மையைத் தொடுகிறது. டான்ஜிரோவின் முதல் ஆசான் உரோகொடாகி அவனைக் காற்று மெலிந்த மலையுச்சியிலிருந்து பொறிகளுக்கு நடுவே ஓடி இறங்க வைப்பார். மெலிந்த காற்றில் வாரக்கணக்கில் வாழ்ந்தால் சிறுநீரகம் எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனைக் கூட்டும், எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களைப் பெருக்கும். ஒலிம்பிக் வீரர்கள் மலையேறிப் போய்த் தங்குவது இதற்குத்தான்.

அப்படியானால் குடுக்கை ஊதுவது முழுக்க வீணா? இல்லை. மூச்சு விடுவதும் தசை செய்யும் வேலைதான். விலா எலும்புகளுக்குக் கீழே குடைபோல் விரிந்திருக்கும் உதரவிதானம் ஒரு தசை. ஓய்வில் நிமிடத்துக்கு ஏழெட்டு லிட்டர் காற்றை நகர்த்தும் இந்தத் தசைகள், வெறிகொண்ட ஓட்டத்தில் நூறு லிட்டருக்கு மேல் நகர்த்த வேண்டும். உடல் எடுக்கும் ஆக்சிஜனில் பத்தில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ அவையே தின்றுவிடும். அவை களைத்துப்போனால் நரம்புகளின் வழியே ஓர் அவசரச் செய்தி போகிறது, கால்களுக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அதாவது, மூச்சுத் தசை தனக்கு வேண்டிய இரத்தத்தைக் காலிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது. மூச்சு நின்றால் காலுக்கு என்ன வேலை? ஓடும்போது கால் கனத்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். தடை கொடுக்கும் கருவி வழியே மூச்சிழுத்துப் பழகி இந்தத் தசைகளை வலுவாக்கலாம், அந்தப் பிடுங்கலைத் தள்ளிப்போடலாம். பலன் பெரிதல்ல, ஆனால் உண்மை.

சிகிச்சை மாளிகையில் இன்னொரு கட்டளையும் உண்டு. விழித்திருக்கும்போது மட்டும் போதாது, தூங்கும்போதும் முழுக்கவன மூச்சு நடக்க வேண்டும். டான்ஜிரோ தூக்கத்தில் தவறவிட்டால் அந்த மூன்று சிறுமிகளும் மெத்தை தட்டும் பிரம்பால் அவனை அடித்து எழுப்புவார்கள். சிரிக்க வைக்கும் அந்தக் காட்சிக்குள் உடலின் அதிசயம் ஒன்று ஒளிந்திருக்கிறது. இதயத்தை நிறுத்து என்றால் நிற்காது. குடலை வேகமாக ஓடு என்றால் ஓடாது. மூச்சு மட்டும் இரண்டு எஜமானர்களுக்குக் கட்டுப்படுகிறது. நினைத்தால் நம் சொல்படி, மறந்தால் தன்பாட்டில். அந்தத் தானியங்கித் தாளத்தைப் போடும் நரம்பணுக் கூட்டம் மூளைத் தண்டின் அடியில், முகுளத்தில் இருக்கிறது. அதை 1991இல் அடையாளம் காட்டினார்கள். ‘ப்ரீ-பூட்சிங்கர்’ என்று பெயர், ஜெர்மனியில் ஒரு கூட்டத்தின்போது மேசையில் இருந்த ஒயின் பாட்டிலின் ஊர்ப்பெயரிலிருந்து வந்தது. 2017இல் எலிகளில் அந்த நரம்பணுக் கூட்டத்துக்குள் ஒரு சின்ன அணுக்குழுவைக் கண்டார்கள். மூச்சின் தாளத்தை மூளையை விழிப்பூட்டும் பகுதிக்குச் சொல்லிக்கொண்டே இருப்பது அதன் வேலை. அதை நீக்கியதும் எலிகள் மூச்சு விட்டன, ஆனால் வழக்கத்துக்கு மாறாக அமைதியாகிவிட்டன.

மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சை இழுத்து விட்டுப் பாருங்கள். இழுக்கும்போது நாடி சற்று விரையும், விடும்போது தளரும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவுக்கு நிதானித்தால் இந்த ஏற்ற இறக்கம் நன்றாகத் தெரியும். வேகஸ் நரம்பு இதயத்தின் கடிவாளத்தை இழுத்து விடுவதன் அடையாளம் அது. வாள் உருவும் முன் டான்ஜிரோ நீளமாக ஒரு மூச்சு விடுகிறானே, அதில் கிடைப்பது கூடுதல் ஆக்சிஜன் அல்ல, நடுங்காத கை.

தூக்கத்தில் நம் விருப்பப்படி மூச்சு விட முடியாது. ஆனால் நெடுந்தூரம் ஓடிப் பழகியவரின் இதயம் தூக்கத்தில் நிமிடத்துக்கு நாற்பது சொச்சம் துடிப்போடு நிதானமாக நடக்கும். பயிற்சி அவரோடு சேர்ந்து தூங்குகிறது, யாரும் பிரம்பால் அடிக்க வேண்டியதில்லை.

இந்தத் தொடரை ரசிக்கும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மூச்சு விட வேண்டும் என்ற தவிப்பைக் கொடுப்பது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு அல்ல, கார்பன் டை ஆக்சைடு சேர்வது. வேகவேகமாக மூச்சு வாங்கினால் ஆக்சிஜன் கூடாது, கார்பன் டை ஆக்சைடுதான் வெளியேறிப் போகும். அந்த நிலையில் தண்ணீருக்குள் மூழ்கி மூச்சடக்கினால் தவிப்பு வருவதற்கு முன்பே மயக்கம் வரும். நன்றாக நீந்துகிறவர்களே இப்படி இறந்திருக்கிறார்கள். கிணற்றிலோ நீச்சல் குளத்திலோ இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

அந்தச் சிகிச்சை மாளிகையில் டான்ஜிரோ நாள் கணக்கில் தோற்கிறான். கனாவோ என்ற பெண்ணோடு ஒரு போட்டி. மேசையில் மருந்து ஊற்றிய கிண்ணங்கள், எதிராளி தடுக்கும் முன் ஒன்றை எடுத்து அவர்மேல் ஊற்ற வேண்டும். ஒவ்வொரு நாளும் அவன்தான் நனைந்து திரும்புகிறான். கூட வந்த இரு நண்பர்களும் மனம் வெறுத்து வருவதை நிறுத்திவிடுகிறார்கள். இவன் ஓடுகிறான், ஊதுகிறான், மறுபடி போய் நனைகிறான். ஒரு நாள் அவன் கை முந்திவிடுகிறது. ஊற்றவில்லை. அவள் தலைமேல் கிண்ணத்தை மெல்ல வைக்கிறான்.

அம்மாவுக்கு இரண்டாவது பந்து நின்றது ஐந்தாம் நாள். மூன்றாவது, வீட்டுக்கு வந்து பத்து நாள் கழித்து, பூஜையறை வாசலில் உட்கார்ந்திருந்தபோது. ஆனால் எனக்கு நினைவில் நிற்பது வார்டின் கடைசி நாள். பக்கத்துக் கட்டிலுக்குப் புதிதாக வந்த அக்கா கருவியை வாயில் வைத்துக் கன்னம் புடைக்க ஊதிக்கொண்டிருந்தார். அம்மா வயிற்றை ஒரு கையால் பிடித்தபடி எழுந்து போனார். “ஊதாதே கண்ணு, உறிஞ்சு. இளநி குடிக்கிற மாதிரி.”