ஆபரேஷன் முடிந்தது, பரிசோதனை முடியவில்லை

"சின்ன வயதில் இதயத்தில் ஓட்டை இருந்தது, ஆபரேஷன் செய்துவிட்டார்கள், இப்போது ஒன்றுமில்லை." ஸ்ரீ கெம்பாங்கானிலும் கிள்ளானிலும் முப்பது, நாற்பது வயதைத் தொட்டவர்கள் பலர் இப்படித்தான் சொல்லிக்கொண்டு நடமாடுகிறார்கள். சின்ன ஓட்டை முழுதாக அடைபட்டிருந்தால் அது பெரும்பாலும் சரி. நீலம் பாரித்துப் பிறந்து, டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ என்ற குறைக்காக அறுவை செய்துகொண்டவருக்கு அது சரியல்ல.

அந்த அறுவையில் நுரையீரலுக்குப் போகும் குறுகிய பாதையை அகலப்படுத்துவார்கள். பிறகு அங்குள்ள வால்வு பலருக்குச் சரியாக மூடாது. ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் இரத்தம் திரும்பி வழியும். இதயத்தின் வலது கீழறை ஆண்டுக்கணக்கில் விரிந்துகொண்டே போகும். நெஞ்சில் ஜெல்லைத் தடவி எக்கோ எடுக்கும்போது அந்தக் கசிவு திரையில் நிறமாகத் தெரியும். நோயாளிக்கோ எதுவும் தெரியாது. மூச்சு வாங்குவதும் படபடப்பும் மயக்கமும் வரும்வரை காத்திருந்தால், வால்வு மாற்றச் சரியான காலம் தவறிவிடலாம். நான் அதிகம் அஞ்சுவது இந்த மௌனத்தைத்தான். குழந்தை மருத்துவரிடம் போவது நின்றதும், பெரியவர்களுக்கான மருத்துவரிடம் பலர் போவதே இல்லை.

15 நாடுகளில், பிறவியிலேயே இதயக் குறை உள்ள 4,000க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. வேலை இல்லாதவர்களும், உடலுழைப்பு முடியாமல் தவிப்பவர்களும் தங்கள் வாழ்க்கைத் தரத்துக்குக் குறைவான மதிப்பெண்ணே தந்தார்கள். ஆகவே பரிசோதனைக்குப் போவதைப் போலவே வேலையைக் காப்பதும் முக்கியம்.

மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, பணிக்காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள் சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு உண்டு; மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாள் வரை. நெஞ்சுத் தழும்பைக் காரணம் காட்டி முதலாளி பாகுபாடு காட்டினால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். உழைக்கவே முடியாத நிலை வந்தால், சந்தா கட்டியவர்கள் 60 வயதுக்கு முன் சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்பு அமைப்பின் இயலாமை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். மருத்துவ வாரியம்தான் முடிவு செய்யும். காப்புறுதிப் பாரத்தில் மட்டும் பழைய அறுவையை மறைக்காதீர்கள். பின்னால் பணம் கேட்கும்போது அதுவே நிராகரிப்புக்குக் காரணமாகலாம்.

"ஆபரேஷன் செய்த பெண், பிள்ளை பெறலாமா?" என்று திருமணப் பேச்சில் கேட்பார்கள். பெரும்பாலோர் பெறலாம். நுரையீரல் இரத்த அழுத்தம் கடுமையாக உள்ளவர் போன்ற சிலருக்கு அது உயிராபத்து. அதைச் சொல்ல வேண்டியவர் இதய மருத்துவர், அதுவும் கருத்தரிப்பதற்கு முன்பே. இன்னொன்று: செயற்கை வால்வு உள்ளவர்கள் பல் பிடுங்குமுன் பல் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்; முன்கூட்டியே மருந்து எடுக்க வேண்டியிருக்கும்.

வீட்டில் பழைய ஆபரேஷன் கடிதம் இருந்தால் தேடி எடுங்கள். அதோடு அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்குக்குப் போய், செர்டாங் சுல்தான் இட்ரிஸ் ஷா மருத்துவமனைக்கோ தேசிய இருதயக் கழகத்துக்கோ பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். கடிதம் தொலைந்திருந்தாலும் போங்கள். தழும்பைக் காட்டினாலே பரிசோதனை தொடங்கும்.