பயிற்சி மருத்துவரும் பணிச்சோர்வும்

மருந்தும் நோயாளியும் மட்டும் கூடினால் மருத்துவம் ஆகிவிடாது. திருவள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தை முடிக்கும் இடத்தில் நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என்னும் நான்கையும் சேர்த்தே மருத்துவம் என்று வகுத்தார். இந்நான்கனுள் எது பழுதுபட்டாலும் மருத்துவம் பழுதுபடும் என்பது அதனால் பெறப்படும். மருந்து பழுதாயிற்றா என்று அறிய அதன் உறையில் நாள் அச்சிடுகின்றனர். நோயாளியின் நிலையை அறிய வெப்பமானியும் இரத்த அழுத்தக் கருவியும் உள்ளன. மருத்துவன் பழுதாயினானா என்று அறியும் வழி யாது? இவ்வினாவை உலகம் ஊன்றிக் கேட்கத் தொடங்கி ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளே ஆகின்றன. அவ்வினாவின் வரலாற்றையும், அதற்குக் கிடைத்த விடைகளையும், அவற்றுள் பலரும் மறந்துவிட்ட ஒன்றையும் ஈண்டு ஆராய்வோம்.

சொல்லும் பொருளும்

'பர்ன் அவுட்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு எரிந்து தீர்தல் என்பது பொருள். எண்ணெய் தீர்ந்து திரியும் கருகிய விளக்கை நினைத்துக்கொள்க. நியூயார்க்கில் வாழ்ந்த ஹெர்பர்ட் பிராய்டன்பர்கர் என்னும் உளநூல் அறிஞர் 1974ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை ஒன்றால் இச்சொல் உளநூலில் இடம்பெற்றது. அவர் பகலில் தம் தொழிலைப் பார்த்துவிட்டு, மாலையில் இலவச மருத்துவ நிலையம் ஒன்றில் தொண்டாற்றியவர். அங்கு ஆர்வத்தோடு வந்து சேர்ந்தவர்கள் நாளடைவில் சினமும் சலிப்பும் உடையவராய் மாறுவதைக் கண்டார். சோம்பர் எரிந்து தீர்வதில்லை. அக்கறை மிக்கவரே எரிந்து தீர்கின்றனர் என்பது அவர் கண்ட உண்மை. தமிழில் இதனைப் பணிச்சோர்வு என வழங்குகிறோம்.

கலிபோர்னியாவைச் சேர்ந்த கிறிஸ்டினா மாஸ்லாக் அம்மையார், சூசன் ஜாக்சன் அம்மையாருடன் சேர்ந்து இதனை அளப்பதற்கு 1981இல் ஒரு வினாத்தாள் வகுத்தார். அதன்படி பணிச்சோர்வுக்கு மூன்று கூறுகள் உண்டு. முதலாவது, உள்ளம் வற்றிப்போதல். இரண்டாவது, எதிரில் இருப்பவரை மனிதராகக் காணாமை. மூன்றாவது, தம் உழைப்பால் ஒரு பயனும் இல்லை என்று எண்ணுதல்.

இவற்றுள் இரண்டாவதே நோயாளிக்குப் பெருங்கேடு விளைப்பது. பணியில் சேர்ந்த புதிதில், வந்து படுத்த மூதாட்டியின் பெயரையும் ஊரையும் பேரப்பிள்ளைகளையும் கேட்டறிந்த இளம் மருத்துவர், ஓராண்டு கழிந்தபின் அதே நிலையில் உள்ள இன்னொரு மூதாட்டியை 'ஏழாம் கட்டில்' என்று சொல்கிறார். அவர் கல்நெஞ்சர் அல்லர். நாள்தோறும் துன்பத்தைக் கண்டு தாங்கமாட்டாத உள்ளம் தன்னைச் சுற்றிக் கட்டிக்கொண்ட வேலி அது. அவ்வேலி துன்பத்தைத் தடுக்கிறது. அதனோடு, நோயாளி சொல்லவரும் செய்தியையும் தடுத்துவிடுகிறது.

பணிச்சோர்வு வேறு, உடற்களைப்பு வேறு. களைப்பு ஓர் இரவு உறங்கி எழுந்தால் தீரும். பணிச்சோர்வோ விடுமுறை முடிந்து மருத்துவமனை வாயிலை மிதிக்கும்போதே மீண்டும் வந்து பற்றும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதற்கு இலக்கணம் வகுத்தபோது, இதனை ஒரு நோயாகக் கொள்ளவில்லை. சரிவரக் கையாளப்படாத நெடுநாள் பணியிட நெருக்கடியின் விளைவு என்றே குறித்தது. குறை ஆளிடம் மட்டும் இல்லை, பணி அமைந்த முறையிலும் உள்ளது என்பது அதன் கருத்து. ஆசிரியர்களுக்கென இவ்வினாத்தாளின் தனிவடிவம் ஒன்று 1986இலேயே வெளிவந்துவிட்டது என்பதையும் ஆசிரியர் அன்பர்கள் கருத்திற் கொள்க.

மருத்துவமனையே வீடு

பட்டம் பெற்ற மருத்துவர் மூத்தோரின் கீழிருந்து சில ஆண்டுகள் பயிலும் முறையை அமெரிக்காவில் 'ரெசிடென்சி' என்பர். உறைதல் என்பது அதன் பொருள். பெயருக்கேற்ப அவர்கள் மருத்துவமனையிலேயே உறைந்தார்கள். 1889இல் பால்டிமோர் நகரில் திறக்கப்பெற்ற ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஆஸ்லர் பொது மருத்துவத்திற்கும், வில்லியம் ஹால்ஸ்டெட் அறுவை மருத்துவத்திற்கும் தலைவராக இருந்து இம்முறையை வளர்த்தனர். பயில்வோர் மணம் செய்துகொள்ளாதிருத்தலே முறை எனக் கருதப்பட்டது. பயிற்சி இத்தனை ஆண்டில் முடியும் என்ற வரையறையும் ஹால்ஸ்டெட்டிடம் இல்லை. பலர் சேர்வர், உச்சியை எட்டுவோர் சிலரே.

இம்முறையின் நன்மையை மறுத்தல் கூடாது. நோய் எவ்வாறு தொடங்கி எவ்வாறு முற்றி எவ்வாறு தணிகிறது என்பதை ஒரே ஆள் இடைவிடாது காண்பதால் வரும் அறிவு, ஏட்டில் வருவதன்று. சிறந்த அறுவை மருத்துவர் பலர் இம்முறையிலேயே உருவாயினர்.

ஆயினும் இதன் மறுபக்கம் ஒன்று உண்டு. ஹால்ஸ்டெட், கொக்கேன் என்னும் பொருள் உணர்ச்சியை மரக்கச் செய்யுமா என்று தம் உடலிலேயே ஆய்ந்து, அதற்கு அடிமையானவர். பின்னர் மார்பினுக்கும் அடிமையாகி, 1922இல் மறையும்வரை அதிலிருந்து முற்றும் விடுபடவில்லை. ஆஸ்லர் எழுதிவைத்த இரகசியக் குறிப்பு 1969இல் வெளியானபோதுதான் அவர் மார்பினை விடவில்லை என்பதை உலகம் அறிந்தது. ஓய்வறியாத உழைப்பே உயர்வு என்று பல தலைமுறைகள் பின்பற்றிய முறையை வகுத்தவருள் ஒருவரே அத்தகைய துன்பத்தைச் சுமந்திருந்தார்.

நாளடைவில் மருத்துவமனைகள் பெருகின. கருவிகளும் மருந்துகளும் பெருகின. முன்பு வாரக்கணக்கில் தங்கிய நோயாளிகள் சில நாளில் வீடு திரும்பலாயினர். அவர்களின் இடத்தில் கொடிய நோயுடையோர் வந்து நிறைந்தனர். பயிற்சி மருத்துவரின் வேலை நேரமோ பழைய அளவிலேயே இருந்தது. வாரத்தில் 100 மணி நேரத்திற்கு மேல் வேலை என்பது பல இடங்களில் வழக்கமாயிற்று. ஒரு வாரத்தில் உள்ளவை 168 மணி நேரமே என்பதை நினைவிற் கொள்க.

ஓர் இரவும் ஒரு வழக்கும்

1984ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 4ஆம் நாள் இரவு, லிபி சயான் என்னும் 18 வயதுக் கல்லூரி மாணவி காய்ச்சலும் உடல் நடுக்கமும் கண்டு நியூயார்க் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். அவர் மனவாட்டத்திற்காக ஒரு மருந்து உட்கொண்டு வந்தவர். நடுக்கத்தைத் தணிக்க அவருக்குப் பெத்திடின் ஊசி போடப்பட்டது. அவ்விரு மருந்துகளும் சேர்ந்தால் உயிருக்கு ஊறு நேரக்கூடும். அவரைக் கவனித்த முதலாண்டுப் பயிற்சி மருத்துவரின் பொறுப்பில் அன்றிரவு நாற்பது நோயாளிகள் வரை இருந்தனர். குடும்ப மருத்துவரோ தொலைபேசியில் மட்டுமே கலந்து பேசினார். நோயாளி அமைதியிழந்து துடித்தபோது அவரைக் கட்டிலோடு பிணிக்க ஆணை பிறந்தது. விடியற்காலையில் உடல்வெப்பம் 107 பாகை பாரன்ஹீட்டை எட்டியது. இதயம் நின்றது, அவர் உயிர் நீத்தார்.

தந்தை சிட்னி சயான் முன்னர் அரசு வழக்கறிஞராகவும் செய்தியாளராகவும் இருந்தவர். தம் மகளின் சாவை ஒருவர் இருவரின் பிழையாக மட்டும் அவர் கொள்ளவில்லை. பயிற்சி முறையையே குற்றக்கூண்டில் நிறுத்தினார். சாவின் காரணம் குறித்து நீதிமன்றத்தில் நெடுங்காலம் வாதம் நடந்தது. ஆயினும் 1986இல் வழக்கை ஆராய்ந்த பெருஞ்சான்றாயர் குழு, மருத்துவர்மீது கொலைக் குற்றம் சாட்டாது பயிற்சி முறையின் குறைகளையே எடுத்துக்காட்டியது. பின்னர் பெர்ட்ரண்ட் பெல் என்னும் மருத்துவப் பேராசிரியரின் தலைமையில் அமைந்த குழு 1987இல் பரிந்துரைகளை அளித்தது. வாரத்திற்கு 80 மணி நேரத்திற்கு மேலும், ஒரே மூச்சில் 24 மணி நேரத்திற்கு மேலும் வேலை கூடாது. அனுபவம் முதிர்ந்த மருத்துவர் எந்நேரமும் மருத்துவமனையில் இருந்து மேற்பார்வை செய்தல் வேண்டும். 1989இல் நியூயார்க் மாநிலம் இவற்றை விதிகளாக்கியது. 2003இல் 80 மணி நேர வரம்பு அமெரிக்கா முழுமைக்கும் வந்தது.

நேர வரம்பு மட்டும் போதுமா?

உறக்கமின்மை தீது என்பதில் ஐயமில்லை. 24 மணி நேரம் கண்விழித்தவரின் செயல்திறன், சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு மேல் மது அருந்தியவரின் செயல்திறனை ஒத்திருப்பதை 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் காட்டினர். 2004இல் வெளியான ஹார்வர்டு ஆய்வில், தீவிர சிகிச்சைப் பிரிவில் பழைய முறைப்படி நெடுநேரம் விழித்த பயிற்சி மருத்துவர், நேரம் குறைக்கப்பட்டவரைக் காட்டிலும் நூற்றுக்கு 36 பங்கு மிகுதியாகக் கடும்பிழைகள் செய்தது தெரிந்தது.

ஆகவே 2011இல் முதலாண்டினர் ஒரே மூச்சில் 16 மணி நேரத்திற்கு மேல் பணிசெய்யலாகாது என்று விதி இறுக்கப்பட்டது. ஆனால் எதிர்பார்த்த பயன் முழுதும் விளையவில்லை. இறுக்கமான விதியையும் தளர்ந்த விதியையும் பல மருத்துவமனைகளில் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2016இல் வெளிவந்தது. நோயாளியின் நலத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு அதில் தோன்றவில்லை. 2017இல் 16 மணி நேர விதி நீக்கப்பட்டது. பணிச்சோர்வும் ஒழிந்தபாடில்லை. பல நாட்டு ஆய்வுகளை 2015இல் தொகுத்து நோக்கியபோது, பயிற்சி மருத்துவருள் நூற்றுக்கு ஏறத்தாழ 29 பேரிடம் மனவாட்டமோ அதன் அறிகுறியோ காணப்பட்டது.

ஏன் இவ்வாறு? நேரத்தைக் குறைத்தனர், வேலையைக் குறைக்கவில்லை. 16 மணி நேரத்து வேலையை 12 மணி நேரத்தில் முடிக்கச் சொன்னால், ஓய்வு வருமுன் பதற்றம் வந்துவிடும். அன்றியும், முறை மாறும் தோறும் நோயாளியின் பொறுப்பு ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறுகிறது. அஞ்சலோட்டத்தில் கோல் தவறுவது பெரும்பாலும் கைமாறும் இடத்தில்தானே? இக்கைமாற்றத்தை ஒழுங்குபடுத்தி, எதனை எவ்வரிசையில் சொல்லவேண்டும் என்று பயிற்றிய ஒன்பது மருத்துவமனைகளில் பிழைகள் நூற்றுக்கு 23 பங்கு குறைந்தன என்று 2014இல் வெளியான ஆய்வு கூறுகிறது. செய்தது பெரிதன்று; ஒப்படைக்கும் முறையை முறையாகக் கற்பித்தனர்.

மறந்துபோன பாதி

பெல் குழுவின் பரிந்துரையில் இரு பாதிகள் இருந்தன. நேர வரம்பு ஒரு பாதி; மேற்பார்வை மறு பாதி. மணி நேரத்தை எண்ணிவிடலாம். மேற்பார்வையை எண்ண இயலாது. ஆதலின் உலகம் எண்ணக்கூடிய பாதியைப் பற்றிக்கொண்டது. பெல் அவர்களே பின்னாளில், மருத்துவத்தின் தரத்தை உயர்த்துவதற்கு நேர வரம்பினும் மேற்பார்வையே திறவுகோல் என்று எழுதினார்.

ஆசிரியப் பயிற்சியை அறிந்தவருக்கு இதன் உண்மை எளிதில் விளங்கும். புதிய பயிற்சி ஆசிரியரை அடங்காத வகுப்பொன்றில் விட்டுவிட்டு, பயிற்றுநர் அகன்றுவிட்டால் அது பயிற்சி ஆகாது. பின்வரிசையில் அமர்ந்து பார்த்து, தவறும் இடத்தில் குறிப்புக் காட்டி, பாடம் முடிந்தபின் நல்லதை முதலிலும் குறையைப் பிறகும் எடுத்துச்சொல்லும் ஒருவர் இருந்தால், அதே வகுப்பும் அதே நேரமும் அவரை வளர்க்கும். உழைப்பு மட்டும் ஒருவரை எரித்துவிடுவதில்லை. துணையற்ற உழைப்பே எரிக்கிறது. நள்ளிரவில் தனியே நிற்கும் இளம் மருத்துவர், 'இவரை எழுப்பிக் கேட்டால் சினம் கொள்வாரோ' என்று அஞ்சி வாளாவிருக்கும் நிலையில் நோயாளிக்கும் கேடு, அவருக்கும் கேடு.

நம் நாட்டு நிலை

மலேசியாவில் பட்டம் பெற்ற மருத்துவர் முதலில் 'ஹவுஸ்மேன்' பயிற்சியை முடித்தாக வேண்டும். 2008இல் அது இரண்டு ஆண்டாக நீண்டது. 2016ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து புதிய மருத்துவர் ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தப்பட்டனர். கோவிட் பெருந்தொற்றின் நடுவே, 2021ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள், ஒப்பந்த மருத்துவர் பலர் மருத்துவமனைகளை விட்டு வெளியே வந்து அமைதியாக எதிர்ப்புத் தெரிவித்தனர். 2022இல் பினாங்கில் பயிற்சி மருத்துவர் ஒருவர் மாண்டதை அடுத்து, பணியிடப் பண்பாட்டை ஆராயச் சுகாதார அமைச்சு தனிக்குழு ஒன்றை அமைத்தது. எதிர்காலம் உறுதியற்று இருக்கும்போது, தாங்கக்கூடிய சுமையும் தாங்கவொண்ணாததாகிவிடும் என்பதை இந்நிகழ்ச்சிகள் உணர்த்துகின்றன.

தோட்டத்து 'டிரஸ்ஸர்' ஐயாவையே மருத்துவராக நம்பி வாழ்ந்தவர் நம் முன்னோர். ஆதலின் தம் பிள்ளை டாக்டராக வேண்டும் என்று பால்மரம் வெட்டிய பெற்றோர் கனவு கண்டதில் வியப்பில்லை. அக்கனவைக் கலைப்பது நம் வேலையன்று. ஆனால் அறிவியல் பாடத்தில் உயர்ந்த புள்ளி பெறும் மாணவனிடம் 'நீ டாக்டர்தான்' என்று சொல்லி அனுப்பிவிட்டு, அதன்பின் அவன் தோள் என்ன சுமக்கிறது என்று கேளாதிருப்பது முறையாகுமா? 'இத்தனை பணம் செலவழித்தோமே, பொறுத்துக்கொள்' என்று வீடு சொல்லும். 'நாங்களும் இப்படித்தான் பட்டோம்' என்று பணியிடம் சொல்லும். இவ்விரண்டுக்கும் நடுவே அவன் வாய் திறக்க ஓரிடம் வேண்டும்.

ஆசிரியர் செய்யத்தக்கன சில உள. மருத்துவம் பயில விரும்பும் மாணவர்க்கு அப்பணியின் பெருமையோடு அதன் கடுமையையும் சொல்க. உதவி கேட்பது அறியாமையின் அடையாளம் அன்று என்பதை வகுப்பறையிலேயே பழக்குக. 'தெரியவில்லை ஐயா' என்று எழுந்து சொல்லும் மாணவனை நகையாடாதீர். அவ்வாறு சொல்லப் பழகியவனே, பின்னொரு நாள் நள்ளிரவில் மூத்த மருத்துவரைத் தயங்காமல் எழுப்புவான். நம்மிடம் பயின்று மருத்துவரானவர் ஊர் திரும்பும்போது, பதவியைக் கேட்குமுன் நலத்தைக் கேட்போம். மருத்துவனும் மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் ஒன்று. அவனைப் பேணுவதும் நோயாளியைப் பேணுவதேயாம்.