வாக்கு இல்லாத குடியிருப்பாளர்கள்

வீவக பேட்டை ஒன்றில் அக்கம்பக்கப் புதுப்பிப்புத் திட்டம் வரும்போது நடப்பதைப் பலரும் பார்த்திருப்போம். கீழ்த்தளத்தில் மாதிரிப் படங்கள் வைக்கப்படும். அதிகாரிகளும் அடித்தளத் தலைவர்களும் விளக்கம் தருவார்கள். குடியிருப்பாளர்கள் கருத்துச் சொல்வார்கள். பிறகு வாக்கெடுப்பு. தகுதிபெறும் வீட்டு உரிமையாளர்களில் குறைந்தது 75 விழுக்காட்டினர் ஆதரித்தால் வேலை தொடங்கும். கூரையுள்ள நடைபாதை, உடற்பயிற்சிக் கருவிகள், புதிய விளையாட்டு மைதானம் எல்லாம் இப்படித்தான் வருகின்றன.

2007இல் அறிமுகமான இந்த முறையில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. செலவை அரசாங்கம் ஏற்கிறது, முடிவில் மக்களுக்குப் பங்கு இருக்கிறது. ஆனால், அந்த விளையாட்டு மைதானத்தில் ஏறி இறங்கப் போகிறவர் யார்? எட்டு வயதுப் பிள்ளை. அவருக்கு வாக்கு இல்லை. கூட்டம் நடக்கும் மாலையில் அவர் துணைப்பாட வகுப்பில் இருப்பார். வீட்டில் இருந்தாலும், “கீழே ஒரு கூட்டம், நீயும் வா” என்று நம்மில் எத்தனை பேர் அழைத்துப் போகிறோம்?

முன்பு இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. எந்தப் புளோக்கிலும் பிள்ளைகள் நிறைந்திருந்தார்கள். பிள்ளை உள்ள பெற்றோர்தான் கூட்டத்திலும் அதிகம். இப்போது நிலைமை மாறுகிறது. சிங்கப்பூரின் மொத்தக் கருவள விகிதம் 2023இல் 0.97ஆகக் குறைந்தது. ஒன்றுக்குக் கீழே போனது அதுவே முதல்முறை. 2030க்குள் குடிமக்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் 65 வயதை எட்டியவராக இருப்பார். சாய்தளமும் கைப்பிடியும் உட்காரும் இடமும் நம் பெற்றோருக்குத் தேவை. அதில் மறுபேச்சே இல்லை. ஆனால், பிள்ளைகள் சிறுபான்மையாகிவரும் பேட்டையில் அவர்கள் போடும் சத்தம் மட்டும் புகாராக மேலே போகும். அவர்களுக்கு என்ன வேண்டும் என்பது போகாது.

பந்தும் கீழ்த்தளமும்

2016இல் குவீன்ஸ்டவுன் வட்டாரத்தில் ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் பந்து விளையாட்டைத் தடுப்பதற்காக உலோகத் தடுப்புகள் போடப்பட்டன. படம் இணையத்தில் பரவி, நாடு முழுதும் பேசப்பட்டது. ஒரு பக்கம், “எங்கள் காலத்தில் கீழ்த்தளத்தில்தான் வளர்ந்தோம்” என்றவர்கள். இன்னொரு பக்கம், பந்து பட்டு விழுந்துவிடுவோமோ என்று பயப்படும் முதியவர்கள், இரவுவேலை முடித்துப் பகலில் தூங்குபவர்கள்.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. என் மனத்தில் நின்றது வேறொன்று. அந்த விவாதத்தில் பெரியவர்கள் பெரியவர்களோடு பேசிக்கொண்டிருந்தோம். பந்தை உதைத்தவர்களை உட்காரவைத்து, “இங்கே ஏன் விளையாடுகிறீர்கள், திடலுக்கு ஏன் போவதில்லை?” என்று கேட்டிருந்தால் பயனுள்ள பதில்கள் வந்திருக்கும். மழை, வெயில், திடலை முன்பே பிடித்துக்கொள்ளும் பெரிய பையன்கள், கடக்க வேண்டிய சாலை, “கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இரு” என்ற அம்மாவின் கட்டளை. இவை ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. கம்பித் தடுப்பு இவற்றில் எதற்கும் பதில் இல்லை.

தெருவை மறித்த பிள்ளைகள்

பிள்ளைகள் கேட்கப்படாமலே பேசத் தொடங்கிய ஊர் ஒன்று உண்டு. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் ‘டி பைப்’ என்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட நெருக்கமான தொழிலாளர் குடியிருப்பு. ஒடுங்கிய தெருக்கள். 1970களின் தொடக்கத்தில் அந்தத் தெருக்களின் இருபுறமும் கார்கள் நின்றன. பிள்ளைகளுக்குக் கால் வைக்க இடமில்லை.

1972இல் அந்நாட்டுத் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்ட ஆவணப்படம் ஒன்று அங்குள்ள பள்ளிப் பிள்ளைகளைப் பின்தொடர்கிறது. விளையாட ஒரு தெரு வேண்டும் என்று அவர்கள் கையெழுத்து வாங்குகிறார்கள். ஒருநாள் தாங்களே தெருவை மறிக்கிறார்கள். கோபத்தோடு இறங்கிச் சண்டைக்கு வரும் வாகனமோட்டிகளையும் படத்தில் பார்க்கலாம். இன்று அதே வட்டாரத்தில் வாகன வேகம் கட்டுப்படுத்தப்பட்டு, மரங்களும் சைக்கிள்களும் நிறைந்திருக்கின்றன.

அந்தப் பிள்ளைகள் மட்டுமே நாட்டை மாற்றிவிட்டார்கள் என்று சொன்னால் அது கதையாகிவிடும். 1971இல் நெதர்லாந்தில் சாலை விபத்துகளில் 3,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் 400க்கும் அதிகமானோர் பிள்ளைகள். மகளை இழந்த ஒரு பத்திரிகையாளர் ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’ என்ற தலைப்பில் எழுத, அது பெற்றோர் இயக்கமாக வளர்ந்தது. 1973இன் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. 1976இல் ‘வூனெர்ஃப்’ எனும் வாழும் தெருவுக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. அத்தகைய தெருவில் நடப்பவர்கள் முழு அகலத்தையும் பயன்படுத்தலாம், பிள்ளைகள் விளையாடலாம், வாகனம் நடைவேகத்தில்தான் போக வேண்டும்.

அவர்கள் கேட்டது விளையாட்டுக் கருவிகளை அல்ல. ஏற்கெனவே இருந்த தெருவில் தங்களுக்கும் ஒரு பங்கைத்தான் கேட்டார்கள். பிள்ளைகளுக்கு உகந்த நகரம் என்றதும் நமக்குச் சறுக்குமரம் நினைவுக்கு வருகிறது. அவர்களுக்கோ வீட்டு வாசலிலிருந்து நண்பன் வீட்டு வாசல்வரை உள்ள வழி முழுவதுமே நகரம்.

என் மகள் வரைந்த படம்

இதைச் சோதித்துப் பார்க்கச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. கெவின் லின்ச் என்ற அமெரிக்க நகரத் திட்டமிடல் அறிஞர் 1970களில் யுனெஸ்கோ ஆதரவுடன் அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா, மெக்சிகோ, போலந்து ஆகிய நாடுகளில் வளரிளம் பிள்ளைகளிடம் தங்கள் வட்டாரத்தை வரையச் சொன்னார். எங்கே போவாய், எங்கே போகப் பயம், எந்த இடம் பிடிக்கும் என்று கேட்டார். 1977இல் வெளிவந்த அந்த ஆய்வில் பெரியவர்கள் எதிர்பார்க்காத பதில்கள் இருந்தன. வசதி குறைந்த மெக்சிகோ புறநகர்ப் பிள்ளைகள் தங்கள் இடத்தைப் பெருமையாகப் பேசினார்கள். வசதிகள் கூடுதலாக இருந்த மெல்பர்ன் புறநகர்ப் பிள்ளைகளோ சலிப்பாக இருக்கிறது என்றார்கள்.

தொடக்கநிலை 4இல் படிக்கும் என் மகளிடம், வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகும் வழியை வரைந்து தரச் சொன்னேன். புளோக்கின் நடுவில் பெரிய மைதானம் இருக்கிறது. அவள் படத்தில் அது ஐந்து காசு அளவுக்கு இருந்தது. “அது சின்னப் பிள்ளைங்களுக்கும்மா” என்றாள். பத்து வயதுக்காரர்களுக்கு அங்கே ஏறுவதற்கு ஒன்றும் இல்லையாம். முதியோருக்கான உடற்பயிற்சி மூலையில்தான் தொங்குவார்களாம், யாராவது தாத்தா வந்தால் இறங்கிவிடுவார்களாம். படிக்கட்டடியில் படுக்கும் பூனை பெரிதாக இருந்தது. மினிமார்ட் அங்கிள் இருந்தார். “பயமா இருந்தா அவர் கடைக்குள்ள போயிடுவேன்” என்றாள். அது எனக்கு அதுவரை தெரியாது.

பல்மாடி வாகன நிறுத்துமிடத்தின் வெளிவாயிலை மட்டும் சிவப்பில் தீட்டியிருந்தாள். தினமும் நான் கடக்கும் இடம். அங்கே எனக்கு ஒரு ஆபத்தும் தெரிந்ததில்லை. அவளோடு போய் அவள் உயரத்துக்குக் குனிந்து பார்த்தேன். ஓரத்தில் வளர்ந்திருந்த செடிவேலி அவள் கண்ணுக்கு மேலே இருந்தது. கார் மூக்கை நீட்டும்வரை அவளுக்கு அது தெரியாது. ஓட்டுநருக்கும் அவள் தெரியமாட்டாள். நெதர்லாந்தைச் சேர்ந்த வான் லீர் அறநிறுவனம் ‘அர்பன்95’ என்றொரு திட்டம் நடத்துகிறது. 95 சென்டிமீட்டர் என்பது ஆரோக்கியமான மூன்று வயதுக் குழந்தையின் உயரம். அந்த உயரத்திலிருந்து நகரத்தைப் பாருங்கள் என்பதுதான் அதன் வேண்டுகோள். செடிவேலிக்கு முன் குனிந்தபோது அதன் பொருள் புரிந்தது.

மகள் வரைந்த படத்தோடு நகர மன்றத்துக்கு எழுதினோம். சில வாரங்களில் வேலி வெட்டப்பட்டது. இப்போது அதன் உயரத்தைக் கண்காணிப்பது அவள் பொறுப்பு.

கேட்பதும், கேட்பதுபோல் காட்டுவதும்

பிள்ளைகளைக் கேட்பது என்றதும் நாம் வண்ணம் தீட்டும் போட்டி வைப்போம். ‘என் கனவு நகரம்’ என்று தலைப்பு. பறக்கும் கார்கள் வரும். பரிசு கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வோம். கட்டடக் கலைஞரின் மேசைக்கு அந்த ஓவியங்களில் ஒன்றும் போகாது.

ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992இல் யுனிசெஃப்புக்காக எழுதிய கட்டுரையில் இதை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக விளக்கினார். கீழே உள்ள மூன்று படிகள், பிள்ளைகளைப் பெரியவர்களின் நோக்கத்துக்குப் பயன்படுத்துவது, அலங்காரமாக நிறுத்துவது, பெயருக்குச் சேர்த்துக்கொள்வது. இவை மூன்றும் பங்கேற்பே அல்ல என்றார் அவர். மேல்படிகளில், எதற்காகக் கேட்கிறார்கள் என்று பிள்ளைக்குத் தெரியும். சொன்னது எடைபோடப்படும். முடிவில் அதற்கு இடம் இருக்கும்.

இதைச் செல்லம் கொடுப்பதாக நினைக்க வேண்டாம். 1989இன் ஐக்கிய நாட்டுப் பிள்ளைகள் உரிமை ஒப்பந்தத்தின் 12ஆம் பிரிவு, பிள்ளையைப் பாதிக்கும் விஷயங்களில் அதன் கருத்துக்கு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பளிக்க வேண்டும் என்கிறது. சிங்கப்பூர் 1995இல் அதில் இணைந்தது. சொன்னதை எல்லாம் செய்ய வேண்டும் என்று அதற்குப் பொருள் இல்லை. செய்ய முடியாவிட்டால் ஏன் முடியாது என்று பிள்ளையிடம் திரும்பி வந்து சொல்ல வேண்டும். பெரும்பாலும் விட்டுப்போவது இந்தக் கடைசி வேலைதான். ஒருமுறை கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் போனால், அடுத்த முறை பிள்ளை வாயைத் திறக்காது.

நம் ஊரில் இருப்பவை

நமக்கு இது புதிய மண் அல்ல. 1979இல் கோர் இயான் கீ வடிவமைத்த தோ பாயோ கடல்நாக மைதானத்தை இன்றும் பார்க்கப் போகிறோம். அந்தக் கால வீவக மைதானங்களில் பிள்ளைகள் சந்தைக் கடையில் பார்த்த தர்பூசணி வந்தது, புறா வந்தது. பின்னர் ஆயத்தமாக வாங்கிப் பொருத்தும் பிளாஸ்டிக் கருவிகள் பரவின. அவை பாதுகாப்பானவை. ஆனால், எந்தப் பேட்டைக்குப் போனாலும் ஒரே முகம்.

செம்பவாங்கில் குடியிருப்பாளர்களே யோசனை சொல்லி, கட்டுவதிலும் கைகொடுத்த கப்பல்பட்டறை மைதானம் ஒன்று எழுந்தது. வட்டாரத்தின் வரலாறு அதில் இருக்கிறது. பிள்ளைகளின் யோசனையும் இருக்கிறது. இது ஒரு திட்டமாக நின்றுவிடாமல் பழக்கமாக வேண்டும்.

சாலைகளிலும் மாற்றம் தெரிகிறது. அங் மோ கியோ, புக்கிட் பாத்தோக் வெஸ்ட், தெம்பனிஸ், தோ பாயோ, வெஸ்ட் கோஸ்ட் ஆகிய ஐந்து இடங்களில் ‘தோழமைத் தெரு’ முன்னோட்டத்தை நிலப் போக்குவரத்து ஆணையம் 2023இல் அறிவித்தது. உயர்த்தப்பட்ட வரிக்குதிரைக் கடப்பு, கூடுதல் நேரம் எரியும் பச்சை மனிதன், வேகக் குறைப்பு ஆகியவை அதில் அடங்கும். 2009 முதல் முதியவர்கள் சலுகை அட்டையைத் தட்டினால் சாலையைக் கடக்க, அகலத்துக்கேற்ப 3 முதல் 13 விநாடிகள் கூடுதலாகக் கிடைக்கின்றன. தள்ளுவண்டியோடும் மூன்று வயதுப் பிள்ளையோடும் கடக்கும் தாய்க்கு அப்படி அட்டை எதுவும் இல்லை. தோழமைத் தெருவில் யாரும் எதையும் தட்ட வேண்டியதில்லை. முதியவருக்காகச் செய்வது பிள்ளைக்கும் உதவுகிறது. எட்டு வயதுக்கும் எண்பது வயதுக்கும் சரியாக இருந்தால் எல்லாருக்கும் சரியாக இருக்கும் என்பதையே பெயராக வைத்து கனடாவில் ‘8 80 சிட்டிஸ்’ என்ற அமைப்பு இயங்குகிறது. பந்துச் சண்டையில் எதிரெதிரே நிற்கும் இருவரும் உண்மையில் ஒரே கட்சி.

அடுத்த கூட்டத்துக்கு முன்

பெற்றோர் செய்யக்கூடியது அதிகம் இல்லை; ஆனால் பயன் உண்டு. பிள்ளையிடம் வழியை வரையச் சொல்லுங்கள். அந்த வழியில் பிள்ளை முன்னே நடக்க, நீங்கள் பின்னே போங்கள். பேசாமல் கேளுங்கள். பயப்படும் இடம், பிடித்த இடம், போக விரும்பியும் போகாத இடம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். புளோக்கில் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து செய்தால், தனிப் புகாராக இருந்தது வட்டாரத்தின் கருத்தாகிவிடும்.

பேட்டைப் புதுப்பிப்புக் கூட்டம் வந்தால் பிள்ளையை உடன் அழைத்துச் செல்லுங்கள். நகர மறுசீரமைப்பு ஆணையம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பெருந்திட்டத்தை மறுஆய்வு செய்து மக்கள் பார்வைக்கு வைக்கிறது. விடுமுறையில் பார்க்க வேண்டிய இடங்களில் அதையும் சேர்க்கலாம். அங்கே தரப்படும் படிவத்தைப் பிள்ளையே நிரப்பட்டும்.

ஏற்பாட்டாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். வாக்கெடுப்பு விதியை மாற்றச் சொல்லவில்லை. படங்கள் முடிவாவதற்கு முன்பே, பக்கத்துத் தொடக்கப்பள்ளியிலோ மாணவர் பராமரிப்பு நிலையத்திலோ ஒரு மாலை ஒதுக்குங்கள். பிள்ளைகள் சொன்னது என்ன, அதில் எது ஏற்கப்பட்டது, எது ஏற்கப்படவில்லை, ஏன் என்று கீழ்த்தளத்துக் காட்சிப் பலகையில் ஒரு பக்கம் ஒட்டுங்கள். பிள்ளையின் கண் உயரத்தில் ஒட்டினால் இன்னும் நல்லது.