தாய்ப்பலகையை மாற்றுவோம், தரவைக் காப்போம்

கணினி பழுதடைந்துவிட்டது என்றதும் நம்மில் பலர் கேட்கும் முதல் கேள்வி, "என் கோப்புகள் எல்லாம் போய்விட்டனவா?" என்பதுதான். "ஃபார்மட் செய்துதான் கொடுக்க முடியும்" என்று கடைக்காரர் சொல்லிவிட்டால், ஆய்வேட்டை ஒப்படைக்க இரண்டு வாரமே இருக்கும் மாணவருக்குத் தலையில் இடி விழுந்தாற்போல் இருக்கும். உண்மையில், மதர்போர்டு என்று நாம் அழைக்கும் தாய்ப்பலகை பழுதானால் தரவையும் இயங்குதளத்தையும் இழக்க வேண்டியதில்லை. அது எப்படி என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

பலகை வேறு, வட்டு வேறு

தாய்ப்பலகை ஒரு நாற்சந்தி போன்றது. செயலி, நினைவகம், வட்டு ஆகிய அனைத்தும் அதன் வழியாகத்தான் பேசிக்கொள்கின்றன. ஆனால் நம் கோப்புகளும் விண்டோஸும் இருப்பது வன்தட்டில் அல்லது எஸ்எஸ்டியில். சந்தி இடிந்தாலும் வீடு அப்படியேதான் இருக்கிறது.

இயங்குதளத்தை ஏன் காக்க வேண்டும்?

கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவினால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். பலருக்கு அது போதும். எங்கள் சங்கக் கணினிக்கு அது போதவில்லை. அதில் பழைய ஆண்டிதழ்களின் கோப்புகள் இருந்தன. யூனிகோடு பரவுவதற்கு முன் திஸ்கி, டாப், டாம் எனப் பல குறியாக்கங்களில் நாம் தமிழைத் தட்டச்சு செய்தோம். உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்புகளைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாகப் புரியாத குறிகள்தாம் தெரியும். அந்த எழுத்துருக்களையும் மாற்றி மென்பொருள்களையும் மூத்த உறுப்பினர்கள் தேடித் தேடி நிறுவியிருந்தார்கள். அவற்றின் நிறுவல் வட்டுகள் இன்று எங்களிடம் இல்லை. எனவே பலகை செயலிழந்தபோது, உள்ளதை உள்ளபடியே காப்பது என்று முடிவெடுத்தோம்.

தொடங்குவதற்கு முன்

1. நகல் எடுங்கள். கணினி இயங்காவிட்டாலும் வட்டைக் கழற்றி, யூஎஸ்பி இணைப்பான் மூலம் இன்னொரு கணினியில் பொருத்தி, கோப்புகளைப் படியெடுக்கலாம். இதைச் செய்யாமல் திருப்புளியைத் தொடாதீர்கள்.

2. பிட்லாக்கர் சாவியைத் தேடி வையுங்கள். இன்றைய விண்டோஸ் பல கணினிகளில் வட்டைத் தானாகவே மறையாக்கம் செய்துவிடுகிறது. அதைத் திறக்கும் திறவுகோல் பலகையோடு சேர்ந்த டிபிஎம் பாதுகாப்புக் கூறில் இருக்கும். பலகை மாறியதும் விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அது இல்லையென்றால் தரவைத் திறக்க வழியில்லை. கணினி இன்னும் இயங்குகிறது என்றால் மறையாக்கத்தைத் தற்காலிகமாக நிறுத்திவிடுங்கள்.

3. உரிமத்தைச் சரிபாருங்கள். தனியாக வாங்கிய சில்லறை உரிமத்தைப் புதிய பலகைக்கு மாற்றலாம். கணினியோடு சேர்ந்து வந்த ஓஇஎம் உரிமம் பொதுவாகப் பழைய பலகையோடு பிணைக்கப்பட்டது. விண்டோஸ் 10இன் 2016ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் உரிமத்தை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்து வைக்கும் வசதி இருக்கிறது. கணினி நலமாக இருக்கும்போதே இதைச் செய்துவிடுவது நல்லது.

பலகையைத் தேர்ந்தெடுத்தல்

அதே மாதிரிப் பலகை கிடைத்தால் வேலை எளிது. இல்லையென்றால் செயலியின் சாக்கெட்டும் நினைவகத்தின் வகையும் பொருந்த வேண்டும். டிடிஆர்4 நினைவகம் டிடிஆர்5 பலகையில் பொருந்தவே பொருந்தாது. பெட்டியின் அளவையும் பாருங்கள். கோலாலம்பூரில் லோ யாட் பிளாசா போன்ற இடங்களுக்குப் போகும்போது பழைய பலகையின் மாதிரி எண்ணை எழுதிக்கொண்டு போங்கள். எங்களுக்கு அதே சாக்கெட் கொண்ட பழைய பலகை ஒன்று கிடைத்ததால் செயலியையும் நினைவகத்தையும் மீண்டும் பயன்படுத்த முடிந்தது.

மாற்றும் முறை

மின்கம்பியைக் கழற்றுங்கள். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இணைப்பையும் கைப்பேசியில் படமெடுத்த பிறகே பிடுங்குங்கள். செயலியின் மேலுள்ள பழைய வெப்பப் பசையைத் துடைத்துப் புதிதாகத் தடவ வேண்டும். பலகையைத் தாங்கும் சிறு முளைகள் திருகு துளைகளுக்கு நேராக மட்டுமே இருக்க வேண்டும். இடம் மாறிய ஒரு முளை மின்கசிவை உண்டாக்கிப் பலகையையே கெடுத்துவிடும்.

முதல் இயக்கம்

முதலில் பயாஸ் அமைப்புக்குள் செல்லுங்கள். வட்டு பழைய எம்பிஆர் முறையில் இருந்தால் விண்டோஸ் லெகசி முறையில்தான் துவங்கும். ஜிபிடி முறையில் இருந்தால் யூஇஎஃப்ஐ வேண்டும். புதிய பலகைகள் சிலவற்றில் லெகசி முறையே இல்லை. அந்நிலையில், விண்டோஸ் 10இல் 2017 முதல் உள்ள எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி தரவை அழிக்காமல் வட்டை மாற்றித் தரும். சாட்டா அமைப்பு பழைய பலகையில் ஏஹெச்சிஐ என்று இருந்தால் இதிலும் அப்படியே வையுங்கள். பொருந்தாவிட்டால் நீலத்திரை தோன்றலாம்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இந்த நீலத்திரைதான் பலரையும் மறுநிறுவலுக்குத் தள்ளியது. விண்டோஸ் 10, 11 ஆகியவை புதிய வன்பொருளைத் தாமே அடையாளம் கண்டு, தேவையான இயக்கிகளைப் பெரும்பாலும் பொருத்திக்கொள்கின்றன. இருப்பினும் வலையமைப்பு இயக்கியை முன்கூட்டியே பென் டிரைவில் வைத்திருங்கள். இணையம் இல்லாமல் இணைய இயக்கியைப் பதிவிறக்க முடியாது அல்லவா?

இறுதியாக, அமைப்புகளில் உள்ள செயலாக்கப் பகுதிக்குச் சென்று, வன்பொருளை அண்மையில் மாற்றியதாகத் தெரிவித்தால் மாற்றத்தக்க உரிமம் மீண்டும் உயிர்பெறும்.

ஓர் எச்சரிக்கை

எல்லாக் கணினிகளுக்கும் இம்முறை பொருந்தாது. அண்மைய மேக்புக் போன்ற மடிக்கணினிகளில் சேமிப்புச் சில்லு பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். பலகை போனால் தரவும் போகும். அவற்றை வைத்திருப்போருக்கு நகல் ஒன்றே காவல்.

எங்கள் சங்கக் கணினியில் பழைய எழுத்துருக்கள் இன்றும் பத்திரமாக உள்ளன. ஆனால் இன்னொரு முறையும் வட்டை நம்பியிருப்பது அறிவுடைமை ஆகாது. வெள்ளம் வருமுன் அணை போடுவதே நன்று. அதனால் ஆண்டிதழ்களை ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றத் தொடங்கியிருக்கிறோம். உங்கள் வீட்டில் உள்ள பழைய கணினியிலும் இப்படிப்பட்ட தமிழ்க் கோப்புகள் உறங்கிக் கிடக்கலாம். பலகை பழுதாகும் வரை காத்திராமல் இந்த வார இறுதியிலேயே அவற்றைத் திறந்து பாருங்கள்.