கொல்லைப்புறத் தோட்டம் அமைக்கிறீர்களா? தங்கவயல் வட்டாரத்தில் செடிக்கு முன் கவனிக்க வேண்டியவை

பங்காருபேட்டை: வீட்டின் பின்புறம் உள்ள காலியிடத்தைத் தோட்டமாக்க முனைவோர் பெரும்பாலும் முதலில் செல்வது நாற்றுப் பண்ணைக்குத்தான். ஆனால், கோலார் தங்கவயலும் பங்காருபேட்டையும் அமைந்துள்ள வறண்ட மேட்டுநிலத்தில் இந்த வரிசையை மாற்றியாக வேண்டும். முதலில் நீர், அடுத்து மண், இறுதியில்தான் செடி. இதற்கான காரணங்களையும் பணிகளைத் திட்டமிடும் முறையையும் இங்கே காண்போம்.

நீர்க் கணக்கு

கோலார் மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழையளவு ஏறத்தாழ 700 முதல் 750 மில்லிமீட்டர். வற்றாத ஆறு எதுவும் இங்கு இல்லை. நிலத்தடி நீர் அளவுக்கு மீறி உறிஞ்சப்படும் பகுதிகளுள் ஒன்றாக இம்மாவட்டத்தை மத்திய நிலத்தடி நீர் வாரியம் வகைப்படுத்தியுள்ளது. ஆயிரம் அடிக்கும் கீழே துளையிட்டும் நீர் கிடைக்காத ஆழ்துளைக் கிணறுகள் இங்கு உண்டு. தங்கச் சுரங்கங்கள் இயங்கிய காலத்தில் நகரின் தேவைக்குப் பாலாற்றின் பேத்தமங்கலா ஏரியிலிருந்து நீர் கொண்டுவரப்பட்டது. இன்று தனி வீடுகளில் பலவும் நம்பியிருப்பது ஆழ்துளைக் கிணற்றையும் டேங்கர் லாரியையும்தான்.

இந்நிலையில், 1,000 சதுர அடியில் புல்வெளி அமைத்தால் கோடையில் நாள்தோறும் 400 லிட்டருக்கும் அதிகமான நீர் தேவைப்படும். பிப்ரவரி முதல் மே வரையிலான 4 மாதங்களுக்கு இது சுமார் 50,000 லிட்டர். அதே பரப்பளவுள்ள மொட்டை மாடியில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில், வீணாவது போகச் சேமிக்கக்கூடியதும் ஏறக்குறைய இதே அளவுதான். அதாவது, ஓராண்டு மழையைப் புல்வெளியே ஒரு கோடையில் குடித்துவிடும். எனவே, புல்வெளியை 100 சதுர அடிக்குள் நிறுத்திக்கொண்டு, எஞ்சிய இடத்தை மரங்களுக்கும் நடைபாதைக்கும் ஒதுக்குவதே பொருத்தமானது.

சயனைடு மண் கூடாது

பள்ளத்தை நிரப்ப மண் தேடும்போதுதான் இவ்வட்டாரத்துக்கே உரிய ஆபத்து எழுகிறது. 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்ட தங்கச் சுரங்கங்கள் விட்டுச்சென்ற கழிவு மண், மக்கள் வழக்கில் 'சயனைடு மலை' எனப்படும் குன்றுகளாக நிற்கிறது. ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் உள்ள இத்தகைய 13 மேடுகளில் எஞ்சிய தங்கத்தைப் பிரித்தெடுக்கும் திட்டத்துக்கு 2024-இல் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

பார்வைக்கு நயமான மணல்போல் தோன்றினாலும் இந்த மண்ணைத் தோட்டத்தில் கொட்டக் கூடாது. தங்கத்தைப் பிரிக்கப் பயன்பட்ட சயனைடின் பெரும்பகுதி காலப்போக்கில் வெயிலில் சிதைந்துவிடும். பாறையிலிருந்து வந்த கன உலோகங்களோ சிதைவதில்லை. கீரை, கிழங்கு ஆகியவற்றின் வழியாகவும், மண்ணில் விளையாடும் குழந்தைகளின் கைகள் வழியாகவும் அவை உடலுக்குள் செல்லக்கூடும். உரச்சத்தை அறியச் செய்யப்படும் வழக்கமான மண் பரிசோதனையில் இவை தெரியவராது. கன உலோகங்களுக்கெனத் தனியாகப் பரிசோதனை கோர வேண்டும். மேலும், உரிய அனுமதியின்றி இந்த மண்ணை அள்ளுவது சட்டவிரோதம்.

1,000 சதுர அடி இடத்தை அரை அடி உயர்த்த 500 கன அடி, அதாவது 5 யூனிட் மண் தேவை. லாரி மண் வாங்குவோர் அது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதை விசாரித்த பின்னரே இறக்க வேண்டும். மழைநீர்க் குழிக்காகத் தோண்டும் மண்ணையே பள்ளத்துக்குப் பயன்படுத்தினால் செலவும் ஐயமும் குறையும்.

வாட்டமும் வடிகாலும்

வீட்டுச் சுவரிலிருந்து விலகிச் செல்லும்படி 10 அடிக்கு 2 அங்குலம் வீதம் தரையில் வாட்டம் இருக்க வேண்டும். ஒளி ஊடுருவும் குழாயில் நீர் நிரப்பிக் கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் முறையே இதற்குப் போதுமானது. நீர் சென்று சேரும் தாழ்வான மூலையில் மழைநீர் உறிஞ்சுகுழி அமைக்கலாம்.

அதற்கு முன், ஓர் அடி ஆழக் குழி தோண்டி நீர் நிரப்பி வடியவிட்டு, மீண்டும் நிரப்பிப் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஓர் அங்குலம்கூட நீர் இறங்காவிட்டால், கீழே பாறையோ இறுகிய களிமண்ணோ இருக்கலாம். அத்தகைய இடத்தில் மரம் நட்டால் வேர் அழுகும்; உறிஞ்சுகுழியும் பயனளிக்காது.

மூன்று கட்டங்கள்

செலவும் உழைப்பும் மிகுந்த இப்பணியை ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. முதற்கட்டமாக, ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான வறண்ட மாதங்களில் மண் வேலை, குழாய், நடைபாதை ஆகியவற்றை முடிக்கலாம். முதல் மழையில் நீர் எங்கே தேங்குகிறது என்பதைக் கவனித்துத் திருத்தினால் பின்னர் நடைபாதையை உடைக்க நேராது.

இரண்டாம் கட்டமாக, ஜூன், ஜூலை மாதங்களில் மரக்கன்றுகளை நடலாம். மா, நெல்லி, சீத்தா, முருங்கை, கறிவேப்பிலை, புங்கம் ஆகியவை இம்மண்ணுக்கு ஏற்றவை. பெரிதாக வளரும் மரங்களைச் சுவரிலிருந்து குறைந்தது 15 அடி தள்ளி நட வேண்டும். நீரை மிகுதியாக உறிஞ்சும் தைல மரத்தைத் தவிர்ப்பது நல்லது. புதிதாக அதைப் பயிரிட 2017-இல் மாநில அரசு தடை விதித்தது. ஏற்கெனவே உள்ள மரத்தை வெட்டுவதாயின், 1976-ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி பல வகை மரங்களுக்கு வனத்துறையின் முன் அனுமதி அவசியம்.

பூச்செடிகளும் புல்லும் மூன்றாம் கட்டம். முதல் கோடையில் மரக்கன்றுகளுக்குச் சொட்டுநீரும், வேர்ப்பகுதியில் சருகு மூடாக்கும் இட்டு, நீர் எவ்வளவு நாள் தாங்குகிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். அதில் மிஞ்சும் நீரே, மேற்கொண்டு எத்தனை செடிகள் வைக்கலாம் என்பதை முடிவு செய்யும்.