நாட்குறிப்பு எழுதும் பழக்கம்



க.பொ.த. சாதாரண தரத் தமிழ்மொழி வினாத்தாளில் பலரும் தடுமாறுவது கட்டுரை வினாவிலேதான். இலக்கணத்தைப் பாடமாக்கலாம். கட்டுரையைப் பாடமாக்கிக்கொண்டு போனால், தலைப்புச் சற்று மாறியதும் பேனை நின்றுவிடும். எழுதிப் பழகாத கை பரீட்சை மண்டபத்தில் திடீரென ஓடாது. இதற்கு நான் சொல்லும் வழி ஒன்றுதான்: நாட்குறிப்பு எழுதுங்கள். எனினும் அதன் பயன் புள்ளிகளோடு முடிவதில்லை.

நாட்குறிப்பு என்பது அன்றன்று கண்டதையும் கேட்டதையும் மனத்திற் பட்டதையும் திகதியிட்டு எழுதிவைப்பதாகும். தமிழில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஆனந்தரங்கப்பிள்ளை. 1709 இல் சென்னையை அடுத்த பெரம்பூரிற் பிறந்த இவர், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிகத் தரகராகவும் இருந்தவர். ஆளுநர் டூப்ளேயின் காலத்தில் தலைமைத் துபாஷியானார். 1736 செப்ரெம்பர் 6 ஆம் திகதி எழுதத் தொடங்கி, இடையிடையே விடுபட்டாலும், 1761 ஜனவரியில் இறக்கும் காலம் வரை ஏறத்தாழ 25 ஆண்டுகள் குறிப்பெழுதினார்.

அவர் புலவர் அல்லர், வணிகர். கப்பல் வந்தமை, அதில் வந்த சரக்கு, ஆளுநர் தன்னிடம் சொன்ன சொல், ஊரில் உலவிய கதை ஆகியவற்றையெல்லாம் பேச்சு வழக்குக் கலந்த நடையில் எழுதினார். 1746 இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்ததும், 1748 இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டதும் அதில் உள்ளன. டூப்ளேயின் மனைவி மீது அவருக்கிருந்த கசப்பும் மறைக்கப்படவில்லை. பகலில் வாய்விட்டுச் சொல்ல முடியாததை இரவில் கொப்பிக்குச் சொன்னார் போலும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அவர் வாழ்ந்த காலத்தில் இது அச்சேறவில்லை. 1846 இல்தான் கண்டெடுக்கப்பட்டது. ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது.

உங்கள் வயதினரில் ஒருவரைக் கேட்டால், ஆன் பிராங்க் என்னும் யூதச் சிறுமியைச் சொல்லலாம். 1942 ஜூன் 12 ஆம் திகதி, தனது 13 ஆவது பிறந்தநாளில், அவளுக்கு ஒரு கொப்பி கிடைத்தது. அடுத்த மாதமே குடும்பம் நாசிகளுக்குப் பயந்து அம்ஸ்ரடாமில் ஒளிந்து வாழத் தொடங்கியது. 1944 ஓகஸ்ட் 4 ஆம் திகதி பிடிபடும் வரை, சத்தமாகப் பேசவும் முடியாத வீட்டில் அவள் எழுதினாள். 1945 இல் தடுப்பு முகாமில் இறந்தாள். 1947 இல் தந்தை அதை நூலாக வெளியிட்டார்.

நான் உங்கள் வயதில், 2008 இன் இறுதிப் பகுதியில், மாங்குளத்திலிருந்து இடம்பெயர்ந்தபோது பாடக் கொப்பிகளை உரப்பையில் கட்டிக்கொண்டு போனேன். ஒரு கொப்பியின் பின் ஒற்றைகளில் எங்கே தங்கினோம், என்ன சமைத்தோம் என்று சில நாட்கள் எழுதினேன். பை வழியிலே தொலைந்தது. தருமபுரத்தில் எத்தனை நாள் இருந்தோம் என்பதில் அம்மாவுக்கும் எனக்கும் இன்றுவரை ஒத்துவருவதில்லை. முகங்கள் நினைவில் இருக்கின்றன, நாட்கள் இல்லை. உங்களில் பெரும்பாலோர் அதற்குப் பின் பிறந்தவர்கள். அம்மம்மாவோ அப்பாவோ ஏதேனும் சொன்னால் திகதியிட்டு எழுதிவையுங்கள். அவர்கள் சொல்ல விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.

துயரத்தை எழுதினால் மனம் இலேசாகுமா? அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986 இல் வெளியிட்ட ஆய்வில், பல்கலைக்கழக மாணவர்கள் தம்மை வருத்திய நிகழ்வை நாளொன்றுக்கு 15 நிமிடமாக நான்கு நாட்கள் எழுதினர். எழுதி முடித்தவுடன் அவர்களது மனம் கனத்தது. நிகழ்வோடு தம் உணர்வையும் எழுதியவர்கள் பின்வந்த மாதங்களில் மருத்துவ நிலையத்துக்குப் போனது குறைந்தது. எனவே எழுதியபின் சற்று அழுகை வந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் நாட்கணக்காக நித்திரை வராவிட்டால் கொப்பியை மூடிவிட்டு, நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் பேசுங்கள்.

பரீட்சைப் பயத்துக்கும் இது மருந்து என்பார்கள். பரீட்சைக்கு முன் 10 நிமிடம் தம் பயத்தை எழுதிய மாணவர் கூடிய புள்ளி பெற்றனர் என 2011 இல் அமெரிக்க ஆய்வொன்று கூறியது. 2018 இல் வெளிவந்த மீள்பரிசோதனையில் அப்பலன் கிடைக்கவில்லை. ஆகவே பரீட்சையன்று காலையில் மட்டும் எழுதி அற்புதத்தை எதிர்பார்க்க வேண்டாம். நாள்தோறும் எழுதுபவருக்குச் சொல் தேடும் நேரம் குறைகிறது என்பதை மட்டும் என் வகுப்பிற் கண்ட அளவில் சொல்கிறேன்.

எப்படித் தொடங்குவது? விலையுயர்ந்த டயறி தேவையில்லை, சென்ற தவணையில் மிஞ்சிய அப்பியாசக் கொப்பி போதும். படித்து முடித்தபின், படுக்கப் போகுமுன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். தொலைபேசியில் எழுதலாமா என்று கேட்கிறீர்கள். எழுதலாம், ஆனால் இரண்டாவது வரியில் யாராவது செய்தி அனுப்பிவிடுவார்கள்.

பலர் செய்யும் பிழை, பொதுவாக எழுதுவது. “இன்று பாடசாலைக்குப் போனேன். நல்ல மழை. சந்தோசமாக இருந்தது.” ஒரு வருடம் கழித்து இதை வாசித்தால் ஒன்றும் தெரியாது. இதையே இப்படி எழுதிப் பாருங்கள்: “கணித பாடத்தில் மழை. தகரக் கூரைச் சத்தத்தில் சேர் சொன்ன விடை கேட்கவில்லை. எல்லோரும் ஆளுக்கொரு விடை எழுதினோம். மாங்குளம் சந்தியில் முல்லைத்தீவு பஸ்ஸுக்காக நின்ற பாட்டி என் குடைக்குள் வந்தார். பஸ் வந்ததும் குடையையும் கொண்டு ஏறிவிட்டார். வீட்டில் ஏச்சு.” எது கட்டுரைக்கு உதவும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கோபம் வந்த நாளில் “அவன் கெட்டவன்” என்று எழுதாமல், அவன் சொன்ன சொல்லையும் நீங்கள் சொன்ன சொல்லையும் எழுதுங்கள். அடுத்த வாரம் வாசிக்கும்போது சில வேளை உங்கள் சொல்தான் கூடச் சுடும்.

ஒரு நாள் தவறினால் மறுநாள் கற்பனையாக நிரப்ப வேண்டாம். ஆனந்தரங்கப்பிள்ளைக்கும் விடுபட்ட நாட்கள் உண்டு. பெற்றோருக்கு ஒரு வார்த்தை: பிள்ளையின் நாட்குறிப்பைத் திறந்து பார்க்காதீர்கள். ஒருமுறை பார்த்துவிட்டால், பிள்ளை அதன்பின் உங்களுக்காகவே எழுதும்.

பயிற்சி: இன்று உங்கள் காதில் விழுந்த உரையாடல் ஒன்றை, பேசியவர்களின் சொற்களிலேயே, எட்டு வரிகளுக்கு மேற்படாமல் எழுதுக. திகதியையும் இடத்தையும் குறிப்பிடுக. இதற்குப் புள்ளி இல்லை. ஆசிரியரிடம் காட்டவும் வேண்டாம்.