வேகமா வீசினா மட்டும் பந்து தூரம் போகாது: ஒரு சின்ன கணக்கு



இந்த வார எபிசோடில் டாப்ளர் ரேடார் பற்றிப் பேசும்போது, கோல்ஃப் ஸ்விங்கை அளக்கும் கருவிகளையும் தொட்டுட்டுப் போனோம். அந்த எண்களை எப்படிப் படிக்கணும்னு விளக்க நேரம் கிடைக்கலை. அதுதான் இந்த மடல்.

டிரைவிங் ரேஞ்சுக்குப் போற எல்லாருக்கும் வர்ற முதல் ஆசை தூரம். அதுக்கு நமக்குத் தோணும் வழி ரெண்டு: இன்னும் பலமா வீசுறது, இல்லைன்னா புது டிரைவர் வாங்குறது. ரெண்டாவதில் காசு போகும். முதலாவதில் முதுகு போகும். கோல்ஃப் ஆடுறவங்களுக்கு அதிகமா அடிபடும் இடங்களில் கீழ் முதுகும் ஒண்ணு. நாள் பூரா ஸ்க்ரீன் முன்னாடி உட்கார்ந்திருக்கிற நமக்கு அது ஏற்கெனவே இறுகித்தான் இருக்கும்.

அதனால முதல்ல பார்க்க வேண்டிய எண் ஸ்மாஷ் ஃபேக்டர். பந்து கிளம்பும் வேகத்தை கிளப் தலையின் வேகத்தால் வகுத்தால் வரும் விடை, அவ்வளவுதான். நீங்கள் போட்ட உழைப்பில் எவ்வளவு பந்துக்குப் போய்ச் சேர்ந்தது என்று இது சொல்லிடும்.

இதுக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. டிரைவர் தலை சுமார் 200 கிராம். பந்து அதிகபட்சம் 45.93 கிராம். டிரைவர் முகத்தின் ஸ்பிரிங் தன்மைக்கு விதிகள் வைத்திருக்கும் வரம்பு சுமார் 0.83. இதை மோதல் சூத்திரத்தில் போட்டால், 1.83-ஐ 1.23-ஆல் வகுக்கணும்; விடை ஏறக்குறைய 1.49. நடு முகத்தில் சரியா பட்டால், விதிக்கு உட்பட்ட எந்த டிரைவரும் இதைத் தாண்டிப் பெரிசா போகாது. புது மாடல்கள் உதவுறது பெரும்பாலும் நடுவில் படாத அடிகளுக்குத்தான்.

இப்போ ரெண்டு பேரைப் பாருங்க. ஒருத்தர் 95 மைல் வேகத்தில் வீசுறார், ஸ்மாஷ் 1.35. பந்து வேகம் 128 மைல். இன்னொருத்தர் 90 மைலில் நிதானமா வீசுறார், ஸ்மாஷ் 1.48. பந்து வேகம் 133. டிரைவரில் ஒரு மைல் பந்து வேகத்துக்குத் தோராயமா ரெண்டு கஜம்னு வச்சுக்கலாம். மெதுவா வீசினவர் பத்து கஜம் முன்னாடி!

அயர்னில் இந்த 1.5-ஐத் தேடாதீங்க. முகம் சாய்வா இருப்பதால் 7 அயர்னில் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கே 1.33 பக்கம்தான் வரும். அங்கே முக்கியம், ஸ்விங் வளைவின் அடிப்புள்ளி எங்கே விழுதுங்கிறது. நல்லா ஆடுறவங்களுக்கு அது பந்தைத் தாண்டி, இலக்குப் பக்கமா சில அங்குலம் தள்ளி விழும். அதாவது கிளப் கீழே இறங்கிட்டு இருக்கும்போதே பந்தைத் தொடும், அப்புறம்தான் புல்லை. டிரைவரில் பந்து டீ மேல இருப்பதால் இது வேற. சமமாவோ கொஞ்சம் மேல்நோக்கியோ பட்டால் நல்லது.

நான் ரேஞ்சில் செய்யும் மூணு சோதனைகள்:

1. புல் தரையில் ஒரு கோடு போட்டு, பந்தில்லாமல் அயர்னை வீசுங்க. பெயர்ற புல் கோட்டுக்கு இலக்குப் பக்கம் இருக்கணும். பின்னாடி பெயர்ந்தால், இறங்கும்போது எடை முன்காலுக்கு இன்னும் வரலைன்னு பெரும்பாலும் அர்த்தம்.

2. செயற்கை மேட் பொய் சொல்லும். பந்துக்குப் பின்னாடி தட்டினாலும் கிளப் வழுக்கிப் போய்ப் பந்தை அடிச்சிடும். பந்துக்கு ஒரு சாண் பின்னாடி ஒரு துண்டை மடிச்சு வைங்க. கிளப் துண்டைத் தொடாமல் பந்தை அடிக்கணும்.

3. டிரைவர் முகத்தில் கால் பவுடர் ஸ்ப்ரே அடிச்சுட்டுப் பத்து பந்து அடிங்க. தடம் எங்கே குவியுதுன்னு பாருங்க. கைப்பிடிப் பக்கமா குவிஞ்சா, கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க. நுனிப் பக்கம்னா கொஞ்சம் கிட்ட.

ஒரு நேரத்தில் ஒண்ணை மட்டும் மாத்துங்க. மூணு மாற்றத்தை ஒண்ணா டிப்ளாய் பண்ணிட்டு, எது வேலை செஞ்சதுன்னு தேடுற கஷ்டம் நமக்குத் தெரியாததா?

கருவி பற்றியும் ஒரு வார்த்தை. டாப்ட்ரேசர் மாதிரி ரேஞ்ச் அமைப்புகள் கேமராவால் பந்தைத்தான் பின்தொடரும். அங்கே பந்து வேகத்தை மட்டும் குறிச்சுக்கோங்க, பத்து அடியில் அது எவ்வளவு ஏறி இறங்குதுன்னு பாருங்க. விலை குறைந்த சில கருவிகள் கிளப் வேகத்தை அளக்காமல் கணிச்சுச் சொல்லும்; அதில் வரும் ஸ்மாஷை அப்படியே நம்ப வேண்டாம்.

வேகம் தேவையே இல்லைன்னு சொல்லலை. பத்தில் ஏழு எட்டு தடம் நடுவில் விழ ஆரம்பிச்ச பிறகு வேகத்தைக் கூட்டுங்க. அப்போ கூட்டின ஒவ்வொரு மைலும் பந்துக்குப் போகும், முதுகுக்கு இல்லை.

உங்க பத்து அடியின் எண்களை இந்த மடலுக்கே பதிலா அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சேர்ந்து பார்ப்போம்.